சரிவுச் சபையின் சமதளம்

என் தையல் மெஷினை ஜன்னலோரம் வைத்திருப்பது வெளிச்சத்துக்காக. அந்த ஜன்னலுக்கு நேரே, ரோட்டுக்கு அந்தப் பக்கம், ஓர் அரசாங்கக் கந்தோர் இருந்தால் அதற்கு நான் பொறுப்பில்லை. ஊசியில் நூல் கோக்கத் தலையை நிமிர்த்தத்தான் வேண்டியிருக்கிறது. நிமிர்த்தினால் கண் போகிறது. கண் போனால் காதும் கூடவே போய்விடுகிறது. மற்றபடி பலாபத்வலையில் யாரைப் பற்றியும் நான் ஒரு வார்த்தை பேசுகிறவள் அல்ல.

அந்தக் கந்தோரின் பெயர் மலைச்சரிவுப் பயிர் அபிவிருத்திச் சபை. ஊரார் சுருக்கமாகச் சரிவுச் சபை என்பார்கள். மலைச் சரிவில் மண் வழிந்து போகாமல் மிளகு நடுவது எப்படி, கிழங்கு நடுவது எப்படி என்று விவசாயிகளுக்குப் படம் போட்டுக் காட்டுவது அவர்கள் வேலை. சரிவு என்றால் என்னவென்று மாத்தளை மாவட்டத்து ஆட்களுக்கே விளக்கிச் சொல்ல அரசாங்கம் சம்பளம் கொடுத்து ஆள் வைத்திருக்கிறது என்பதில் எங்களுக்கெல்லாம் ஒரு பெருமைதான்.

சபைக்கு ஒரு பழைய வெள்ளைக் கார். அதை ஓட்டுகிறவர் லாபிர், மாத்தளை டவுன்காரர். கந்தோரில் எழுத்து வேலை பார்த்துக்கொண்டு காருக்கும் பொறுப்பாக இருந்த லிகிதர் தர்மராஜா, யாழ்ப்பாணத்துக்காரர். எனக்கு அடுத்த வீட்டு நேசம்மா வீட்டில் ஓர் அறை எடுத்துத் தங்கியிருந்தார். அவருடைய மனைவி சந்திரவதனாவும் மகளும் கோப்பாயில். சண்டை நடந்த காலமெல்லாம் வடக்கே போகிற பாதை பூட்டிக் கிடந்தது. கப்பலுக்கு அனுமதி, பிளேனுக்கு அனுமதி என்று மனுஷன் அலைந்து திரிந்து ஊருக்குப் போய்ச் சேருவதற்குள், மகளுக்கென்று என்னிடம் அளவு சொல்லித் தைத்துக்கொண்டு போன சட்டை அவளுக்குச் சின்னதாகியிருக்கும். அதனால் பிறகெல்லாம் நானே இரண்டு விரற்கடை கூட்டித் தைத்துக் கொடுப்பேன். அதுவும் பத்தாது. அவருக்கு அனுமதி கிடைக்காத தடவை, போகிற யார் கையிலாவது சட்டை மட்டும் போகும்.

இந்த நிலையில்தான் சமாதானம் பேசி, பாதையைத் திறந்தார்கள். எங்கள் வாசலால் போகிற இதே ரோட்டில் வடக்கே பஸ் ஓடத் தொடங்கியது. தர்மராஜாவுக்கு இடமாற்றமும் கிடைத்தது. மாதம் பிறக்கிற அன்று யாழ்ப்பாணத்தில் போய்க் கையெழுத்து வைக்க வேண்டும். வைக்காவிட்டால் இடம் வரிசையில் அடுத்த ஆளுக்கு. இங்கிருந்து விடுவிப்பதற்குச் சபை போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று: தன் பொறுப்பில் உள்ள பொருட்களை அடுத்த லிகிதரிடம் ஒப்படைத்துவிட்டுப் போக வேண்டும். டைப்ரைட்டர், குடை, சுவர்க் கடிகாரம் எல்லாம் ஒப்படைத்தாயிற்று. மிச்சம் இருந்தது கார். அதை "ஓடும் நிலையில்" ஒப்படைக்க வேண்டும் என்று விதி.

கார் ஓடிக்கொண்டுதான் இருந்தது. சமதளம் திறக்கும் வரைக்கும்.

சபையின் முற்றம் முன்பு ரோட்டைப் பார்த்துச் சரிந்து கிடக்கும். லாபிர் காரை மேலே, மூக்கு ரோட்டைப் பார்க்க நிறுத்தி, சக்கரத்துக்குக் கீழே ஒரு கல்லை வைப்பார். எங்கள் பக்கத்தில் பாதி வாகனங்களுக்குக் கல்தான் பிரேக், பள்ளம்தான் ஸ்டார்ட்டர். இது எங்களுக்குத் தெரியும். சபையின் உதவிப் பணிப்பாளர் ஆறுமுகநாதனுக்கு மட்டும் தெரியாது. எல்லாரும் அவரைப் பெரிய ஐயா என்பார்கள். கொழும்பிலிருந்து யார் வந்தாலும் பெரிய ஐயா அவர்களைப் படியில் நிறுத்தி, "காது கொடுத்துக் கேளுங்கள்" என்பார். லாபிர் கல்லைக் காலால் தட்டிவிட்டு ஏறி உட்காருவார். கார் பூனை மாதிரி நழுவி இறங்கி, கேட்டைத் தாண்டியதும் ஒரு குலுக்குக் குலுக்கி உறுமும்.

"கவனித்தீர்களா? புறப்படும்போது ஒரு சத்தம் இல்லை. இதற்குப் பெயர்தான் பராமரிப்பு" என்பார் பெரிய ஐயா.

அப்படியிருக்க, தலைமையகத்திலிருந்து மிகப் பெரிய ஒருவர் வருகிறார் என்று தகவல் வந்தது. அவர் வந்து நிற்க ஒரு சமமான இடம்கூட இல்லையே என்று பெரிய ஐயாவுக்குக் கவலை. டோசர் வந்தது. சரிவை வெட்டினார்கள். வெட்டுகிற உற்சாகத்தில் ரோட்டு மட்டத்தையும் தாண்டிக் கீழே போய்விட்டார்கள். கொங்கிறீட் போட்டார்கள். இப்போது முற்றம் ஒரு பெரிய தாம்பாளம் மாதிரி பள்ளத்துக்குள் கிடந்தது. ரோட்டுக்கு வர ஓர் ஏற்றம் ஏற வேண்டும். வாசலில் "சமதள வாகனத் தரிப்பிடம்" என்று கல்வெட்டு.

திறப்பு விழாவுக்குக் காருக்கு மாலை போட்டு ரோட்டிலிருந்து உள்ளே இறக்கிக்கொண்டு வந்தார்கள். தலைமையகத்துப் பெரியவர் நாடாவை வெட்டினார். பெரிய ஐயா பேசினார்.

"இத்தனை காலமாக இந்தச் சபை சரிவிலேயே இருந்து வந்திருக்கிறது. என் தலைமையில் அந்த நிலை மாறியிருக்கிறது. சரிவைப் பற்றி ஆலோசனை சொல்கிறவர்கள் சரிவில் நிற்க வேண்டியதில்லை. வைத்தியர் நோயாளியாக இருக்க வேண்டுமா?" கைதட்டல். "இயந்திரத்தை நிறுத்துங்கள். பேச்சுக்கு இடைஞ்சலாக இருக்கிறது."

லாபிர் கார் ஜன்னலால் தலையை நீட்டினார். "ஓஃப் பண்ணத்தான் வேணுமா சேர்?"

"நிறுத்தச் சொன்னேன்."

லாபிர் ஒரு பிஸ்மி சொல்லிக் கார்த் திறப்பைப் பூட்டில் திருப்பினார். இஞ்சின் அடங்கியது.

மறுநாள் காலை ஒப்படைப்பு. புதுப் பொறுப்பை ஏற்க வந்திருந்தவர் சரோஜினிதேவி. கண்டி ரோட்டு பஸ்ஸில் தினம் நின்றுகொண்டே வந்து போகிற பெண். அதனால் எதிலும் சுலபத்தில் உட்கார்ந்துவிட மாட்டார். கைப்பையைத் தோளில் இருந்து இறக்காமலேயே, "ஸ்டார்ட் பண்ணிக் காட்டுங்க சேர்" என்றார்.

தர்மராஜா உள்ளே ஏறித் திறப்பைத் திருப்பினார். டிக்.

"இன்னொருக்கா."

டிக்.

"இதுக்குப் பேரா ஸ்டார்ட்?"

"சத்தம் வருகுதுதானே, பிள்ளை."

"எங்க வீட்டு லைட் சுவிட்ச்சும் இதே சத்தந்தான் போடுது. அதுல ஏறி நான் கண்டிக்குப் போறதில்லையே சேர். ஸ்டார்ட் ஆகட்டும், சைன் வைக்கிறேன்."

தர்மராஜா லாபிரைப் பார்த்தார். லாபிர் வானத்தைப் பார்த்தார். அன்று பின்னேரம், கிழிந்த காக்கிச் சட்டையைத் தைக்கக் கொண்டுவந்த சாக்கில் லாபிர் எனக்கு விவரம் சொன்னார்.

"ஸ்டாட்டர் மோட்டர் மவுத்தாகி எத்தனையோ காலம், அக்கா. அப்பவே தலைமையகத்துல போய்ச் சொன்னேன். 'வண்டி ஓடுதா?'ன்னு கேட்டாங்க. ஓடுதுன்னேன். 'ஓடுற வண்டிக்கு என்ன முறைப்பாடு?'ன்னாங்க. சரின்னு கல்லு ஒன்னு பொறுக்கி வச்சேன். அந்தக் கல்லையும் இப்ப கொங்கிறீட்ல போட்டுக் கலந்துட்டானுங்க."

"இதைப் பெரிய ஐயாகிட்ட சொல்லக் கூடாதா?"

"சொன்னா, இத்தனை நாளும் எப்படி ஓட்டினேன்னு கேப்பாங்களே. பள்ளத்துல உருட்டி ஓட்ட சர்க்கியூலர் இருக்கான்னு கேப்பாங்களே. எனக்குக் கட்டிக் கொடுக்க நாலு குமருங்க இருக்கு, அக்கா."

பெரிய ஐயா விஷயத்தைக் கையில் எடுத்தார். வாகன நிலை அறியும் சபை ஒன்று அமைந்தது. விதிப்படி மூன்று பேர்: தலைவர் பெரிய ஐயா, தொழில்நுட்ப உத்தியோகத்தர் ஏகநாயக்க, மூன்றாமவர் வாகனத்துக்குப் பொறுப்பான லிகிதர். அதாவது தர்மராஜா. விசாரிக்கப்பட வேண்டியவரும் வாகனத்துக்குப் பொறுப்பான லிகிதர்தான். ஆகவே தர்மராஜா கேள்வி கேட்கும்போது ஒரு நாற்காலியிலும், பதில் சொல்லும்போது எதிர் நாற்காலியிலுமாக மாறி மாறி உட்கார்ந்தார். இரண்டு தடவை அவர் தவறான நாற்காலியிலிருந்து பதில் சொன்னதைப் பெரிய ஐயா கண்டித்தார்.

அன்றைக்குப் பெரிய ஐயா ஆற்றிய உரை ஜன்னல் வழியாக ரோட்டைத் தாண்டி என் மெஷின் வரை கேட்டது.

"நிலம் சரிவாக இருந்தபோது ஓடிய கார், நிலம் சமமானதும் ஓடவில்லை. எனவே குறை நிலத்தில் என்று சிலர் சொல்லலாம். அப்படிச் சொன்னால் சமதளத்தைத் திறந்து வைத்தவருக்கு மனவருத்தம் உண்டாகும். ஆகவே குறை நிலத்தில் இல்லை. காரைப் பராமரித்தது நாம். ஆகவே குறை காரிலும் இல்லை. எஞ்சியிருப்பது யார் என்று பார்க்க வேண்டும்." கொஞ்சம் நிறுத்தி, "நாசவேலை என்ற சொல்லை நான் இன்னும் பயன்படுத்தவில்லை" என்றார்.

அந்தச் சொல்லை அவர் பயன்படுத்தாமல் பயன்படுத்திய விதத்தில் தர்மராஜா நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். சமாதானம் வந்ததென்னவோ உண்மை. ஆனால் ஊருக்குப் போகத் துடிக்கிற ஒரு யாழ்ப்பாணத்து மனுஷனுக்குப் பக்கத்தில் அந்தச் சொல் கிடந்தால், அதைக் குனிந்து எடுக்க ஆட்கள் அப்போதும் இருந்தார்கள். விசாரணை என்று ஒன்று எழுத்தில் தொடங்கிவிட்டால், முடியும் வரை எந்த உத்தியோகத்தரும் இடம் மாற முடியாது.

நல்லவேளை, ஏகநாயக்க குறுக்கே வந்தார். அவர் சிங்களத்தில் சொன்னதை நான் தமிழில் சொல்கிறேன். "சேர், ஒரு சின்னப் பரிசோதனை இருக்கிறது. முன் விளக்கைப் போட்டுவிட்டுத் திறப்பைத் திருப்புவோம். விளக்கு மங்கினால் பெட்டரி சரியில்லை. மங்காமல் டிக் என்றால் ஸ்டார்ட்டர் மோட்டர்."

"நல்லது. ஆனால் அரசாங்க வாகனத்தின் முன் விளக்குகளை இருளில் மட்டுமே எரிக்கலாம் என்று சுற்றறிக்கை இருக்கிறதே."

"அப்படியென்றால் இருட்டிய பிறகு செய்வோம்."

"இருட்டிய பிறகு மேலதிக நேரம். அதற்கு அனுமதி இல்லை."

 பிறகு பெரிய ஐயா, தலைவர்களுக்கே உரிய துணிவோடு, "இருளை ஏற்படுத்துங்கள்" என்றார்.

மிளகு காயப்போடுகிற பெரிய படங்குச் சீலை ஒன்று களஞ்சியத்தில் கிடந்தது. அதை இழுத்து வந்து காருக்கு மேலே போட்டார்கள். போதவில்லை; இன்னொன்று போட்டார்கள். தர்மராஜா உள்ளே, பெரிய ஐயாவும் ஏகநாயக்கவும் விளக்குக்கு முன்னால் குந்தி, படங்குக்குள். வெளியே தெரிந்ததெல்லாம் இரண்டு சோடி சப்பாத்து மட்டும். நான் மெஷினை நிறுத்திவிட்டேன். தெருவே நின்றுவிட்டது.

"திருப்புங்கள்!" படங்குக்குள்ளிருந்து குரல்.

டிக்.

"மங்கியதா சேர்?"

"கவனிக்கவில்லை. யாரோ என் காலை மிதிக்கிறார்கள்."

"அது நான் சேர்."

"மறுபடியும்!"

டிக். அதற்குப் பிறகு ஒரு தும்மல். போன அறுவடையின் மிளகுத்தூள் படங்கு முழுக்க ஒட்டியிருந்திருக்கிறது. தும்மலுக்குப் பதில் தும்மல். சப்பாத்துக்கள் நாலும் நாலு திசையில் ஆடின. படங்கு வீங்கிச் சுருங்கியது. ரோட்டில் நின்ற முச்சக்கர வண்டிக்காரன் ஒருவன், "உள்ளுக்குள்ள பேய் ஓட்டுறாங்களா?" என்று கேட்டான். வெளியே வந்தபோது பெரிய ஐயாவின் கண்ணும் மூக்கும் ஒரே நிறம். "விளக்கு மங்கவில்லை, உறுப்பினர்கள் தும்மினர்" என்று கூட்டக் குறிப்பில் பதிந்ததாகச் சரோஜினிதேவி பிறகு சொன்னார்.

ஆக, ஸ்டார்ட்டர் மோட்டர்தான். மாத்தளை டவுனில் சபையின் அங்கீகாரம் பெற்ற ஒரு கராஜ் உண்டு. அங்கே போனால் ஒரு காலைக்குள் மாற்றிவிடலாம். ஆனால் போக வேண்டுமே. கராஜ்காரரை இங்கே அழைக்கலாம் என்றால், வெளியாள் அரசாங்க வளவுக்குள் அரசாங்க வாகனத்தின் மூடியைத் திறக்க விதி இடம் தராது. கட்டி இழுக்கலாம் என்றால், விபத்துக்குள்ளான வாகனத்தை மட்டுந்தான் இழுக்கலாம்.

"விபத்து நடக்கவில்லை என்பதுதான் நமது துரதிர்ஷ்டம்" என்றார் பெரிய ஐயா.

லாபிர் பவ்யமாக, "சேர் ஒரு வார்த்தை சொன்னா, சுவத்துல மெதுவா முட்டிடுறேன்" என்றார்.

"முட்டுவதற்கு முதலில் ஸ்டார்ட் ஆக வேண்டாமா? யோசித்துப் பேசும்."

"தள்ளிப் பார்க்கலாமே ஐயா?" என்றார் தர்மராஜா. 

"தள்ளுவது தொழிலாளர் தரத்துக்குரிய கடமை. நமது தொழிலாளர் பதவி வெற்றிடமாக இருக்கிறது. அதை நிரப்ப விளம்பரம் செய்யலாம். விண்ணப்பம், நேர்முகம்... ஆவணி வாக்கில் ஆள் வந்துவிடுவார்."

தெருவாசிகள் நாங்கள் கேட்டில் போய் நின்று, தள்ளிவிடுகிறோம் என்று சொல்லிப் பார்த்தோம். பொதுமக்கள் அரசாங்கச் சொத்தில் கை வைக்கக் கூடாது என்று துரத்திவிட்டார்கள்.

அன்று பொழுது சாய்கிற நேரத்தில் நேசம்மா வீட்டு டெலிபோன் அடித்தது. லைன் மோசம், அதனால் சந்திரவதனா கத்தித்தான் பேசினார். நான் கறிவேப்பிலை கேட்டு அங்கே போயிருந்தேன். கையில் கறிவேப்பிலை கிடைத்த பிறகும் நின்றேன்.

"பாதை திறந்தாச்சு, ஊரே வந்து போகுது. முன்வீட்டு மருமகன் கொழும்பிலயிருந்து வந்து மாம்பழமும் கொண்டு போயிட்டார். நீங்கள் மட்டும் ஒரு காரைக் காவல் காத்துக்கொண்டு நிக்கிறியள்."

"கார் ஸ்டார்ட் ஆகுதில்லை, வதனா."

"ஏன், அந்தக் காரிலயோ வரப்போறியள்?"

"இல்லையப்பா. பஸ்ஸில."

"பஸ் ஸ்டார்ட் ஆகுதுதானே?"

  இத்தனை வருட அரசாங்க உத்தியோகத்தில் இப்படி ஒரு கேள்வியைத் தர்மராஜா எந்தக் கோப்பிலும் கண்டதில்லை.

"மகள் கேக்கிறாள், அப்பா உண்மையில வாறாரோ, இல்லாட்டி முந்தி மாதிரிச் சட்டை மட்டும் வருமோ எண்டு."

ரிசீவரை வைத்துவிட்டு அவர் கதவு நிலையில் சாய்ந்து நின்றார். நேசம்மா, "சோறு போடட்டுமா தம்பி?" என்றாள். வேண்டாம் என்று தலையை ஆட்டினார். "அந்தக் காரை நெருப்பு வச்சுக் கொளுத்தினா என்ன?" என்றாள் நேசம்மா. "அதுக்கும் மூன்று பேர் கொண்ட சபை வேணும், அக்கா" என்றார் தர்மராஜா. மனுஷன் பகிடி விடவில்லை. உண்மையாகவே அந்த விதி இருந்தது.

மாதம் முடிய இருந்த கடைசி வெள்ளிக்கிழமை. அன்று பகல் வவுனியா பஸ்ஸைப் பிடித்தால்தான் மறுநாளாவது ஊர் போய்ச் சேரலாம். தர்மராஜா பெட்டியைக் கட்டிக் கேட்டோரம் வைத்துவிட்டு, அதன் மேலேயே உட்கார்ந்திருந்தார். அதைப் பார்த்துச் சரோஜினிதேவிக்கு என்னவோ செய்திருக்க வேண்டும். நேரே பெரிய ஐயா முன்னால் போய் நின்றார்.

"தள்ளுறதுன்னு ஏன் சேர் சொல்லணும்? வழிகாட்டல்னு சொல்லலாமே."

பெரிய ஐயா நிமிர்ந்தார். வழிகாட்டல் என்பது அவருக்கு உயிரான சொல். விவசாயிகளுக்கு அவர் இத்தனை நாளும் கொடுத்து வந்தது அது ஒன்றுதான்.

"விளக்கிச் சொல்லும்."

"காருக்கு எந்தப் பக்கம் போகணும்னு தெரியல. கந்தோர் உத்தியோகத்தருங்க எல்லாரும் பின்னாடி நின்னு கையால வழிகாட்டுறோம். தலைமை தாங்க நீங்க."

"வழிகாட்டலுக்குத் தலைமை தாங்குபவர் எங்கே இருக்க வேண்டும்?"

"உள்ள உக்காந்துதான் சேர். பின் சீட்ல."

உடனே கட்டளை பிறந்தது. தரம் ஒன்று உத்தியோகத்தர்கள் பம்பரில் கை வைக்கலாம். தரம் இரண்டு பக்கவாட்டில். தற்காலிக ஊழியர்கள் மற்றவர்களின் முதுகில். லாபிர் சுக்கானில். பின் சீட்டில் பெரிய ஐயா. தொழில்நுட்ப ஆலோசனைக்காகப் பக்கத்தில் ஏகநாயக்க. இரண்டு பேருமே நல்ல சாப்பாட்டுக்காரர்கள். சரோஜினிதேவி சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு பம்பரைப் பிடித்தார். தர்மராஜா தள்ளிய தள்ளைப் பார்த்தால், கோப்பாய் வரைக்கும் அப்படியே தள்ளிக்கொண்டு போய்விடுவார் போலிருந்தது.

ஏற்றத்தின் பாதியில் கார் நின்று யோசித்தது. பின்னுக்கு வந்தது. "வழிகாட்டல் போதவில்லை!" என்று உள்ளேயிருந்து சத்தம். மறுபடி ஒரு மூச்சு. முன் சக்கரம் கேட்டைத் தாண்டி ரோட்டைத் தொட்டது. அவ்வளவுதான் தாமதம். ரோடு அரசாங்க வளவு இல்லையே! முச்சக்கர வண்டிக்காரர்கள், பஸ்ஸுக்கு நின்றவர்கள், நேசம்மா, கையில் அளவுநாடாவோடு நான், எல்லாரும் பாய்ந்து கை வைத்தோம். வடக்கே பார்த்தால் ரோடு இறக்கம். கார் உருண்டது. லாபிர் "பிஸ்மில்லா" என்று கியரைப் போட்டுக் கிளச்சை விட்டார். ஒரு குலுக்கு. கார் உறுமியது.

பெரிய ஐயா கண்ணாடியை இறக்கி, "இது என்ன சத்தம்? கோளாறா?" என்றார்.

"இதுதான் சேர் இஞ்சின்" என்றார் லாபிர்.

உறுமிக்கொண்டே கார் ஓரத்தில் நின்றது. ஒப்படைப்புப் பத்திரம் ஜன்னல் வழியாக உள்ளே போனது. சரோஜினிதேவி கையெழுத்து வைக்குமுன் கீழே ஒரு வசனம் எழுதினார்: "இயந்திரத்தை நிறுத்துபவர், அதனை மீண்டும் இயக்கிக் காட்டும் பொறுப்பையும் ஏற்பார்."

பெரிய ஐயா வாசித்துப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "அருமையான வசனம். பொறுப்பு என்ற சொல் சரியான இடத்தில் விழுந்திருக்கிறது. இதை நானல்லவா எழுதியிருக்க வேண்டும்!" அதன் கீழே பெரிதாகக் கையெழுத்து வைத்தார். ஏகநாயக்கவும் வைத்தார். தர்மராஜாவின் கையில் விடுவிப்புக் கடிதம் வந்து சேர்ந்தது. அவர் அதைச் சட்டைப் பையில் வைத்து, பையைக் கையால் பொத்திக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்து லாபிர் கதவைத் திறந்து இறங்கினார். "ஜும்மாவுக்கு நேரமாயிடுச்சு சேர். இஞ்சின ஓஃப் பண்ணிட்டுப் போகட்டா?"

பெரிய ஐயா "ஆம்" என்று சொல்ல வாயெடுத்தார். கண் மடியில் கிடந்த பத்திரத்தில் விழுந்தது. 

"வேண்டாம்" என்றார். "ஏகநாயக்க, நீங்கள் ஓட்டுங்கள்."

"எங்கே சேர்?"

"ஓடும் நிலை என்றால் ஓட வேண்டும். எங்கே என்பது அதில் எழுதவில்லை."

ஏகநாயக்க சுக்கானுக்கு மாறினார். கார் புறப்பட்ட கொஞ்ச நேரத்தில் வவுனியா பஸ் வந்தது. தர்மராஜா பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறினார். ஏறியவர் திரும்பி எங்களுக்குக் கை காட்டக்கூட மறந்துவிட்டார். நாங்கள் குறை நினைக்கவில்லை.

பிறகு நடந்ததெல்லாம் பலர் வாயிலாக வந்து சேர்ந்தது. நாலந்தையைத் தாண்டியதும் ஏகநாயக்க சொன்னாராம்: "சேர், ஒரு பள்ளமாகப் பார்த்து மூக்கைக் கீழே வைத்து நிறுத்திவிடுவோம். பிறகு உருட்டி எடுக்கலாம்."

"ஏகநாயக்க, சமதளம் கண்டவன் நான். ஊரார் பார்க்க நான் சரிவில் நிறுத்துவதா? சமமான இடமாகப் பாருங்கள்."

சமமான இடம் வந்தால், நிறுத்தினால் பிறகு எப்படி ஸ்டார்ட் செய்வது என்று இருவருக்கும் வசனம் ஞாபகம் வரும். சரிவு வந்தால் பெரிய ஐயாவுக்குக் கொள்கை ஞாபகம் வரும். கராஜுக்குப் போனாலும் அங்கேயும் முதலில் இஞ்சினை நிறுத்தச் சொல்வார்கள். ஆகவே போனார்கள். திரும்பி வந்தார்கள். அலுவிகாரையில் வடை விற்கிறவன் காரோடு கூடவே ஓடி வடையை உள்ளே கொடுத்திருக்கிறான். சம்பலைக் கொடுப்பதற்குள் கார் போய்விட்டதாம். பெட்ரோல் ஷெட்டில் நிறுத்தாமல் எண்ணெய் அடிக்க முடியுமா என்று கேட்டுக்கொண்டே இரண்டு தடவை கடந்து போனார்கள். எங்கள் வாசலால் போனபோது பெரிய ஐயா எனக்குக் கை காட்டினார். கும்பிட்டாரா, கூப்பிட்டாரா என்று இன்றைக்கும் எனக்கு நிச்சயமில்லை. கடைசியில் பெட்ரோல் தீர்ந்து கார் தானாகவே நின்றது. நின்ற இடம் பல்லேகமவில், கண்ணுக்கெட்டிய தூரம் மேடு பள்ளமே இல்லாத வயல்வெளி நடுவே.

சனியும் ஞாயிறும் கழிந்து திங்கட்கிழமை கந்தோரில் பெரிய கேள்வி எழுந்தது: இயந்திரத்தை நிறுத்தியது யார்? பெரிய ஐயாவா, ஏகநாயக்கவா, பெட்ரோலா? தீர்மானிக்க மறுபடியும் வாகன நிலை அறியும் சபை கூட வேண்டும். சபைக்கு மூன்று பேர் வேண்டும். மூன்றாமவராகச் சரோஜினிதேவியைக் கேட்டார்கள். "இந்தச் சபை ஆரம்பிச்சப்போ நான் உறுப்பினர் இல்ல சேர். போன கூட்டத்து உறுப்பினரைத்தான் கூப்பிடணும்" என்றுவிட்டார். விதியும் அப்படித்தான் சொன்னதாம்.

கந்தோர் டெலிபோனில் வெளிமாவட்டத்துக்குப் பேச முடியாது, பூட்டு. ஆகவே பெரிய ஐயா, இன்னும் மூக்குச் சிவப்பு ஆறாதவராய், நேசம்மா வீட்டுக்கு வந்தார். நேசம்மா கதிரையைத் துடைத்துப் போட்டாள். நான் முன்னமே அங்கே இருந்தேன். அரிசி கடன் கேட்கப் போயிருந்தேன். கோப்பாய்க்கு லைன் கிடைத்தது.

"திருமதி தர்மராஜாவா? நான் ஆறுமுகநாதன். உங்கள் கணவர் ஒரு மிக முக்கியமான சபையின் உறுப்பினர். அவர் இல்லாமல் ஒரு வாகனத்தின் எதிர்காலத்தைத் தீர்மானிக்க முடியாத நிலை. அவரை உடனே அனுப்பி வைத்தால்..."

சந்திரவதனாவின் குரல் ரிசீவரைத் தாண்டி அறை முழுக்க வந்தது.

"அவரை எத்தினையோ வருசத்துக்குப் பிறகு இப்பதான் ஐயா வீட்டு முற்றத்தில கொண்டுவந்து நிப்பாட்டியிருக்கிறன். இனி ஆர் வந்து திறப்புப் போட்டாலும் ஸ்டார்ட் ஆகாது. தள்ளினாலும் அசையாது. நீங்கள் வேற ஆளைப் பாருங்கோ."

பெரிய ஐயா ரிசீவரைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தார். நேசம்மா அவர் கையிலிருந்து அதை மெல்ல வாங்கித் தன் காதில் வைத்துக்கொண்டாள்.

"என்ன கேக்குது?" என்றேன்.

"தம்பி தேத்தண்ணி குடிக்கிறாரு" என்றாள் நேசம்மா. "அந்த உறிஞ்சுற சத்தம் எனக்குத் தெரியாதா? சும்மா நல்லா உக்காந்து குடிக்கிறாரு."